மூச்சு நிற்கிற தூக்கம்

நாலரை மணிக்கெல்லாம் பேகம்பூர் நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டிய மூத்த மகள் ஹுஸ்னா, ஐந்தேகால் ஆகியும் வரவில்லை. பாஸிலா எட்டு மாதக் கைக்குழந்தை ஷாஹினாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நான்கு தடவை நடந்துவிட்டாள். வீட்டு வாசலில் நிற்கும்போது பிள்ளை நிறுத்தத்தில் வந்து இறங்கியிருப்பாளோ என்று இருந்தது. நிறுத்தத்தில் நிற்கும்போது வேறு சந்து வழியாக வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று இருந்தது. எந்த இடத்திலும் கால் நிலைகொள்ளவில்லை.

வழக்கமாக ஹுஸ்னாவோடு பக்கத்து வீட்டுப் பெண்ணும் பஸ்ஸில் வருவாள். இன்று அவளுக்குக் காய்ச்சல். தனியாக வந்துவிடுவாயா என்று காலையில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காலையில் நடந்தது வேறு.

ஹுஸ்னாவின் பள்ளிக்கூடப் பைக்குள், கணக்கு நோட்டுக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய நான்கு ரஸ்க் துண்டுகள் இருந்தன. அவளுடைய அத்தா, பாஸிலாவின் கணவர் முகமது யாசின், பேக்கரி வைத்திருந்தார். வீட்டுக்கு வரும் பன்னையும் வர்க்கியையும் ரஸ்க்கையும் பாஸிலா இரண்டு மாதமாகத் தகர டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சாவி அவள் முந்தானையில். எப்படி எடுத்தாள் என்று கேட்டதற்கு ஹுஸ்னா கணக்கு நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பாஸிலா கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "ஒம்பது வயசுல அம்பத்திரெண்டு கிலோ. வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள். ஹுஸ்னா அழவில்லை. கண் பாதி மூடிய முகத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போனாள். டிபன் பாக்ஸில் இரண்டு இட்லியும் வெள்ளரிக்காயும் இருந்தன.

வராமல் போனவள் தொலைந்து போனாளா, கோபித்துக்கொண்டு போனாளா?

வகுப்பு டீச்சர் டெய்சிக்குப் போன் போட்டாள்.

"கரெக்டா நாலு மணிக்கு பஸ் ஏறுனதைப் பாத்தேனே" என்றாள் டெய்சி. "ஜன்னலோர சீட்டுல உக்காந்துச்சு. ஏம்மா, இன்னும் வரலியா?"

"இல்ல டீச்சர். கிளாஸ்ல ஏதும் அழுதாளா?"

"அழுகல. மூணாவது பீரியட்லயே தூங்கிட்டா. எழுப்பி நிக்க வச்சேன், நின்னுக்கிட்டே தூங்குறா. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். ராத்திரி டிவி பாக்க விடுறீங்களாம்மா?"

"எட்டு மணிக்கெல்லாம் படுத்துருவா டீச்சர்."

யாசின் பேக்கரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டியில் வந்தார். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு சுற்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுற்று தேடிவிட்டு, போலீஸுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது பாஸிலாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஹுஸ்னாங்கிற பிள்ளையோட அம்மாவா? நான் கண்டக்டர் அருள்நாதன் பேசுறேன். பதறாதீங்க. பிள்ளை எங்கிட்டத்தான் இருக்கு. கடைசி ஸ்டாப்பு சேவுகம்பட்டி வரைக்கும் வந்துருச்சு. பஸ்ஸுல அசந்து தூங்கிருச்சு. டைரியில உங்க நம்பர் இருந்துச்சு."

போனை யாசின் வாங்கினார். "நான் வாரேன் சார், வண்டியெடுத்துட்டு வாரேன்."

"நீங்க வந்து சேர்றதுக்குள்ள இதே பஸ்ஸு திரும்பிரும். நானே பேகம்பூர்ல இறக்கி விடுறேன். டீ, பன்னு வாங்கிக் குடுத்துருக்கேன். பயப்படாதீங்க."

இரவு ஏழே முக்காலுக்கு அந்த பஸ் வந்தது. ஹுஸ்னா படியில் நின்றாள். பின்னால் அருள்நாதன், ஐம்பது வயது இருக்கும், அவள் பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார். பிள்ளையை இறக்கி விட்டவர் டிரைவரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டுத் தானும் இறங்கினார்.

"திட்டாதீங்கம்மா. பக்கத்துல இருந்த பொம்பள கூட வந்த பிள்ளைன்னு நெனச்சுட்டேன். கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்குன பெறவுதான் பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும். பிள்ளை தூங்கும்போது குறட்டை விட்டுச்சு, பெரிய ஆளு மாதிரி. திடீர்னு சத்தம் நின்னுருச்சு. நெஞ்சு மட்டும் உள்ள இழுக்குது, மூக்குல காத்து வரல. நான் பயந்து போய் பத்து வரைக்கும் எண்ணிட்டேன். அப்புறம் தூக்கிவாரிப் போட்டு ஒரு மூச்சு எடுத்துச்சு. திரும்பவும் அதே மாதிரி. டாக்டர்கிட்ட காட்டிருக்கீங்களா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கிளம்பச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அருள்நாதன் விசிலை வாயில் வைத்தபடி ஏறிக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லக்கூட இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் பாஸிலாவுக்கு நினைவு வந்தது.

அவர் சொன்னதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. ஷாஹினா பிறந்ததிலிருந்து அவள் கைக்குழந்தையோடு உள்ளறையில் படுத்தாள். ஹுஸ்னா கூடத்தில் அத்தாவோடு. யாசினின் குறட்டை தெருவுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளையின் குறட்டையும் கலந்துதான் வந்தது. "அத்தா மாதிரியே நல்லாத் தூங்குறா" என்று சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஹுஸ்னா இன்னும் படுக்கையை நனைத்தாள். பாஸிலா அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைத்து, ஈரப் பாயை அவளையே மாடியில் காயப்போட வைத்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

போன வருஷம் காட்டிய டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்டுங்கம்மா, பேக்கரி வீட்டுப் பிள்ளை வேற" என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து பாஸிலா அந்த வாயைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் நடக்கக் கூட்டிப்போனாள். மூன்றாவது தெரு தாண்டுவதற்குள் ஹுஸ்னா உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டைப் பாதியாக்கினாள். எடை குறையவில்லை. பிள்ளைதான் திருட ஆரம்பித்தாள்.

பஸ் வந்த அன்று இரவு பாஸிலா கூடத்தில் ஹுஸ்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாசினை உள்ளே குழந்தையிடம் அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

படுத்த ஐந்தாவது நிமிஷத்தில் ஹுஸ்னாவின் வாய் திறந்துகொண்டது. அண்ணாந்து கழுத்தைப் பின்னுக்கு வளைத்தாள், யாரோ தலைமுடியைப் பிடித்து இழுப்பது போல. குறட்டை தொடங்கியது. பாஸிலா காத்திருந்தாள். பத்து நிமிஷம். பதினைந்து. சத்தம் சட்டென்று அறுந்தது.

நெஞ்சுக் குழி உள்ளே போனது. வயிறு மேலே வந்தது. மூக்குக்குக் கீழே பாஸிலா விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. எழுப்பலாமா என்று கை நீட்டினாள், எழுப்பவில்லை, மூச்சு உண்மையிலேயே தானாக வருகிறதா என்று தெரிய வேண்டும், எழுப்பிவிடலாம், இல்லை இன்னும் ஒரு நொடி. ஹுஸ்னா உடம்பு குலுங்க, தண்ணீருக்கு அடியிலிருந்து வெளியே வந்தவளைப் போல மூச்சை இழுத்தாள். பக்கம் மாறினாள். கண் திறக்கவே இல்லை. நெற்றி முழுக்க வியர்வை.

பாஸிலா போனை எடுத்துப் படம் பிடித்தாள். விடியும் வரை அதே வேலையாக இருந்தாள். சில தடவை எட்டு நொடி. சில தடவை பதினாறு. ஒரு தடவை எண்ணிக்கை தவறிப்போய், பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிட்டாள். ஹுஸ்னா எழுந்து உட்கார்ந்து, "நான் எடுக்கலம்மா" என்றாள். அரைத் தூக்கத்தில் ரஸ்க்கைத்தான் சொன்னாள். மறுபடி சரிந்தாள்.

மூன்று மணிக்கு யாசின் பேக்கரிக்குக் கிளம்ப எழுந்து வந்தார்.

"நீ தூங்கவே இல்லியா?"

"இதைப் பாருங்க."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் குறட்டைதான் பாஸிலா. எங்க அத்தா, சின்னத்தா..."

"பாருங்கங்கிறேன்."

பார்த்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். பிறகு மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இம்புட்டு நாளும் நான் பக்கத்துலதான படுத்திருந்தேன்" என்றார். அன்று பேக்கரியில் பன் மூன்று மணி நேரம் தாமதமாகத்தான் வெந்தது.

குழந்தைகள் டாக்டர் ஒருவர் வீடியோவைப் பார்த்த உடனே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டரம்மா ஹுஸ்னாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாஸிலாவையும் வந்து பார்க்கச் சொன்னார். தொண்டையின் இரு பக்கமும் இரண்டு சதைக் கட்டிகள் நடுவில் முட்டிக்கொள்கிற மாதிரி நின்றன. "டான்சில். மூக்குக்குப் பின்னாடியும் இதே மாதிரி சதை இருக்கும். காத்து போறதுக்கு வழி இம்புட்டுத்தான்" என்று சுண்டு விரல் நகத்தைக் காட்டினார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கத்தை அளந்து பார்க்க வேண்டும் என்றார்.

அந்த ராத்திரி துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். பால்குடிக் குழந்தையோடு பாஸிலாவால் முடியாது. யாசின் போனார். போகும்போது பாஸிலா ஏழெட்டுத் தடவை சொன்னாள்: "நீங்க தூங்கிறாதீங்க."

இரவெல்லாம் அவள் பேகம்பூர் வீட்டில் நடந்தாள். குழந்தை அழுதால் எடுத்தாள், அழாவிட்டாலும் எடுத்தாள். பத்து மணிக்கு யாசின் ஒரு போட்டோ அனுப்பினார். ஹுஸ்னாவின் தலையிலும் கன்னத்திலும் நெஞ்சிலும் கலர் கலராக ஒயர்கள். மூக்கில் ஒரு குழாய். அந்தக் கோலத்திலும் அவளுக்குக் கண் சொருகியிருந்தது. அதற்குப் பிறகு செய்தி எதுவும் இல்லை. இரண்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டி மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

காலை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"போட்டோ எடுத்த பெறவு போனை வெளிய வச்சுட்டு வரச் சொல்லிட்டாங்க. நான் உக்காரவே இல்ல பாஸிலா. உக்காந்தா தூங்கிருவேன்னு தெரியும். நின்னுக்கிட்டே இருந்தேன். அந்த நர்ஸம்மா ரூமுல டிவி மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல கோடு கோடா ஓடுது. மூச்சுக்கு ஒரு கோடு. அது அப்படியே படுத்துருது. பாத்துக்கிட்டே இருக்கேன், எந்திரிக்கவே மாட்டேங்குது. பிள்ளை ராத்திரியெல்லாம் சண்ட போட்டுருக்கா. நாம காலையில எந்திரி எந்திரின்னு வையிறோம்."

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஹுஸ்னா வெளியே பெஞ்சில், சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மணிக்குப் பதினெட்டு தடவை மூச்சு தடைபடுது. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுக்கு மேல போனாலே கவனிக்கணும். இது ரொம்ப அதிகம்" என்றார் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார். "மூணு மாசச் சராசரி சர்க்கரை ஆறு சதவீதம். இன்னும் சர்க்கரை நோய் ஆகல, வாசல்ல நிக்குது. ரத்தத்துல கொழுப்பு கூட. ஈரல்லயும் கொழுப்பு படிய ஆரம்பிச்ச மாதிரி காட்டுது. பிரஷரும் வயசுக்குக் கொஞ்சம் ஏறியிருக்கு. கழுத்துல கறுப்பு இருக்கே, எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வருஷமா. அழுக்குன்னு தேச்சேன் டாக்டர்."

"அழுக்கு இல்லம்மா. இன்சுலின் சரியா வேலை செய்யலேன்னா உடம்பு அதை அளவுக்கு மீறி சுரக்கும். அப்ப தோல் இப்படிக் கறுக்கும். தேச்சாப் போகாது."

பாஸிலா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாசின் கேட்டார்: "குண்டா இருக்கறதாலதான டாக்டர் இதெல்லாம்?"

"அதுவும் உண்மைதான். கழுத்துல சதை வச்சா மூச்சு வழி நெருக்கும். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. ராத்திரி மூச்சு நிக்கிறப்ப எல்லாம் உடம்பு பயந்து முழிச்சுக்குது. பிள்ளைக்கு அது தெரியாது. விடிய விடிய ஓடுன உடம்பு மாதிரி காலையில களைச்சுப் போயிருக்கும். களைச்ச உடம்பு இனிப்பையும் மாவையும்தான் தேடும். தின்ன சர்க்கரையையும் ஒழுங்காச் செலவழிக்காது. ஓடியாடி விளையாடவும் தெம்பு இருக்காது. எடை இன்னும் ஏறும். மூச்சு இன்னும் அடைக்கும். ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டே போகும். எது முதல்ல வந்துச்சுன்னு இப்பத் தேடிப் பிரயோசனம் இல்ல."

"நான் பட்டினி போட்டேன்" என்றாள் பாஸிலா. யாரும் கேட்காமலே சொன்னாள். "டின்னைப் பூட்டி வச்சேன். அடிச்சேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "சாப்பாட்டை மாத்தணும்தான். அது பிள்ளைக்கு மட்டும் இல்ல, வீட்டுக்கே மாத்தணும். பூட்டுப் போட்டு இல்ல" என்றார். "முதல்ல பிள்ளையைத் தூங்க விடுவோம். சார், உங்க கழுத்தும் தடிமனாத்தான் இருக்கு. நீங்களும் ஒரு நாள் வந்து ஒயரோட படுத்து எந்திரிங்க."

டான்சிலும் மூக்குச் சதையும் எடுக்கிற ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியோடு பாஸிலா வராந்தாவின் இரு முனைக்கும் நடந்தாள். அந்த ஒரு ராத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் வாரம் தொண்டை வலி. இரண்டாவது வாரம் ஒரு காலையில், யாரும் எழுப்பாமல், ஹுஸ்னா தானாக எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள். பாய் நனைந்திருக்கவில்லை. டெய்சி டீச்சர் போன் செய்து, ஹுஸ்னா வகுப்பில் கை தூக்கிப் பதில் சொன்னதாகவும், தான் அவளை நிற்க வைத்ததற்கு வருந்துவதாகவும் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள், பாஸிலாவைத் தவிர.

அவள் பயந்தது போலவே ஆயிற்று. மூன்றாவது மாதம் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. குறட்டை மெல்லத் திரும்பியது. மறுபடி ஒயர்கள், மறுபடி ஒரு ராத்திரி. மணிக்குப் பதினெட்டு என்பது ஆறாக இறங்கியிருந்தது. பூஜ்யம் ஆகவில்லை.

"ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?" என்றார் யாசின்.

"எடை கூட இருக்கற பிள்ளைங்களுக்குப் பாதிப் பேருக்கு இப்படி மிச்சம் இருக்கும். நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா. தூங்கும்போது மூக்கில் மாட்டுகிற ஒரு மாஸ்க்கையும், அதற்குக் காற்று தள்ளுகிற சின்ன மெஷினையும் எழுதிக் கொடுத்தார். உணவு சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா எதையும் பூட்டச் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுக்கச் சொன்னாள். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காய்கறி வெஞ்சனத்தைக் கூட்டச் சொன்னாள், முட்டையும் கடலையும் சேர்க்கச் சொன்னாள். பேக்கரிப் பண்டம் வாரத்துக்கு இரண்டு நாள், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, என்றாள். அன்று மாலையே யாசின் அந்தத் தகர டின்னைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

மாஸ்க் போட்ட முதல் இரவு ஹுஸ்னா கழற்றி எறிந்தாள். இரண்டாம் இரவும் எறிந்தாள். மூன்றாம் இரவு பாஸிலா அதை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு காட்டினாள். காற்று முகத்தில் அடித்ததும் மூச்சு முட்டித் தானே கழற்றினாள். ஹுஸ்னா சிரித்தாள்.

"உனக்கே முடியல."

"ஆமா, கஷ்டமாத்தான் இருக்கு."

"எனக்கு மட்டும் ஏன்மா?"

"தூங்கும்போது உனக்கு மூச்சு அடைக்குது. அதனாலதான் உனக்குப் பசிச்சுக்கிட்டே இருந்துச்சு, தூக்கமா வந்துச்சு. உன் மேல தப்பு இல்ல."

ஹுஸ்னா யோசித்தாள். "அப்ப ஏன் அடிச்சே?"

பாஸிலா இந்தக் கேள்விக்கு எத்தனையோ நாளாகப் பதில் தேடி வைத்திருந்தாள். "தெரியாம அடிச்சேன்" என்றாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. "தப்பு உன் மேல இருந்திருந்தாலும் அடிச்சிருக்கக் கூடாது."

"கழுத்தையும் தேச்சே. ரொம்ப எரிஞ்சுச்சு."

"ஆமா."

"டீச்சர் எங்கிட்ட சாரி சொன்னாங்க."

"நானும் சொல்றேன் ஹுஸ்னா. என்னை மன்னிச்சுரு."

ஹுஸ்னா மாஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அவளே மாட்டிக்கொண்டாள். "காத்தைக் கம்மியா வை" என்றாள் மூக்கால்.

மாஸ்க் போட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. எடை அதேதான். ஆனால் உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. எடை ஏறாமல் உயரம் ஏறுவதே நல்லது என்கிறார் டாக்டரம்மா. மூன்று மாதச் சர்க்கரை ஐந்து புள்ளி ஏழு. கழுத்துக் கறுப்பு இன்னும் இருக்கிறது, கொஞ்சம் வெளுத்திருக்கிறதா, அப்படித் தோன்றுகிறதா என்று பாஸிலாவால் சொல்ல முடியவில்லை. பள்ளி விட்டு வந்ததும் ஹுஸ்னா தெருவில் ரிங்பால் விளையாடுகிறாள். சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, உட்காருகிறாள், மறுபடி எழுந்து போகிறாள். யாசின் தன்னுடைய பரிசோதனையை மூன்று தடவை தள்ளிப்போட்டுவிட்டு, போன வாரம் போய்ப் படுத்து வந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

நள்ளிரவு தாண்டினால் ஹுஸ்னாவின் கை தூக்கத்திலேயே மாஸ்க்கைத் தள்ளிவிடும். காற்று வெளியே சீறுகிற சத்தம் கேட்டதும் பாஸிலா எழுந்துவிடுவாள். சத்தம் கேட்காத இரவுகளிலும் எழுந்துவிடுகிறாள். நேற்றும் எழுந்து போய் வாரைச் சரி செய்தபோது ஹுஸ்னா கண்ணைத் திறந்தாள்.

"நீ போய்த் தூங்கும்மா."

"போறேன். செத்த நேரம்."

ஹுஸ்னா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மெஷின் ஓடியது. உள்ளறையில் ஷாஹினா சிணுங்கும் வரை பாஸிலா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.